இழப்பும் ஈடும்: உள்வைப்பு வழி மார்பக மீளமைப்பின் பெறுபேறுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர், எவ்வாண்டில், எந்நகரில், எச்சிகிச்சையை முதன்முதலிற் செய்தார் என்பனவே அதன் அத்தியாயங்களாக அமைகின்றன. சிகிச்சை பெற்றவர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தார், பத்தாண்டுகளின் பின் அவருடைய நிலை யாது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒரு சிகிச்சையின் பெறுபேறு எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருந்தது, அவ்வுரிமை எவ்வாறு கைமாறியது என்பதும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரிய பொருளேயாகும். புற்றுநோயின் காரணமாக மார்பகத்தை இழந்த பெண்களுக்குச் செயற்கை உள்வைப்பைக் கொண்டு அவ்வுறுப்பை மீளமைக்கும் சத்திரசிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்வைப்பு எனப்படுவது சிலிக்கோன் இறப்பராலான ஓர் உறையினுள் சிலிக்கோன் கூழையோ உப்புநீரையோ நிரப்பி அமைக்கப்பட்ட செயற்கை உறுப்பாகும். வயிறு, முதுகு முதலிய இடங்களிலிருந்து பெண்ணின் சொந்த இழையத்தையே எடுத்து மார்பகம் அமைக்கும் பிறிதொரு முறையும் உண்டு. இவ்விரண்டும் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன. அவற்றுள் முன்னையதே இங்கு முதன்மையாக நோக்கப்படுகின்றது. பின்னையது ஒப்பீட்டுக்கு வேண்டியவிடத்து மாத்திரம் எடுத்தாளப்படும்.

அகற்றலின் காலம்

மீளமைப்பின் வரலாறு அகற்றலின் வரலாற்றிலிருந்தே தொடங்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மயக்கமருந்தும், அதன்பின் கிருமிநீக்க முறைகளும் வழக்கிற்கு வந்தமையால் நீண்ட நேரச் சத்திரசிகிச்சைகள் சாத்தியமாயின. அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய வில்லியம் ஹோல்ஸ்ரெட், மார்பகத்தை மட்டுமன்றி அதன் கீழுள்ள மார்புத் தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையொன்றை வகுத்தார். 1894ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை 50 நோயாளரைப் பற்றியது. அவர்களுள் மூவருக்கு மாத்திரமே அகற்றிய இடத்தில் நோய் மீண்டும் தோன்றியது என்பது அக்கட்டுரையின் தலையாய செய்தியாகும். ஐரோப்பாவின் பேர்பெற்ற வைத்தியர்கள் பலரின் நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் அவ்விடத்திலேயே மீண்ட காலத்தில் இது பெருஞ் சாதனையாகக் கருதப்பட்டமை வியப்பன்று.

ஆயின் ஹோல்ஸ்ரெட் எண்ணியது எதனை என்பது நோக்கற்பாலது. நோய் அவ்விடத்தில் மீண்டதா இல்லையா என்பதே அவருடைய பெறுபேறாயிருந்தது. நெஞ்சு குழிந்து விலாவெலும்பின் மேல் தோல் ஒட்டியிருப்பதோ, கை வீங்குவதோ, தோள் அசைவு குன்றுவதோ அக்கணக்கில் முதலிடம் பெறவில்லை. காயத்தை அழகுற மூடும் முயற்சி, நோய் மீண்டும் தோன்றுவதை மறைத்துவிடும் என்றும், அகற்றவேண்டியதை முழுவதும் அகற்றவிடாது வைத்தியரின் கையைத் தயங்கச்செய்யும் என்றும் அவர் அஞ்சினார். அவருடைய செல்வாக்கின் காரணமாக இவ்வச்சம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆங்கிலம் பேசும் நாடுகளின் சத்திரசிகிச்சைக் கூடங்களில் விதியாகவே நிலைத்தது.

மீளமைப்பை எண்ணியோர் அக்காலத்தில் இல்லாமலில்லை. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்பார் 1895ஆம் ஆண்டில், தீங்கற்ற கட்டியொன்றிற்காக மார்பகத்தின் பெரும்பகுதியை இழந்த ஒரு நடிகைக்கு, அவருடைய இடுப்புப் பக்கத்திலிருந்த கொழுப்புக்கட்டியை எடுத்து அவ்விடத்தில் வைத்தார். இத்தாலியரான இஜினியோ தன்சினி முதுகுத் தசையையும் அதன்மேலுள்ள தோலையும் முன்புறம் திருப்பிக் காயத்தை மூடும் முறையை 1906ஆம் ஆண்டில் விவரித்தார். அது பின்னர் மறக்கப்பட்டு 1970களிலேயே மீளக் கண்டெடுக்கப்பட்டது. அறிவு இருந்தும் அது பயன்படாது கிடந்தமைக்குக் காரணம் தொழினுட்பக் குறைபாடு மட்டுமன்று. உயிர் பிழைத்த பெண் வேறெதனையும் கேட்கலாகாது என்ற சமூக நோக்கும் அதற்குக் காரணமாயிற்று எனலாம்.

போர்க்காலக் கைத்தொழிலும் சிலிக்கோனும்

உடலினுட் புறப்பொருளை இட்டு வடிவத்தைத் திருத்தும் ஆசை சிலிக்கோனுக்கு முற்பட்டது. 1899ஆம் ஆண்டில் வியன்னாவின் றொபேட் கேர்சூனி பரபின் மெழுகை ஊசிமூலம் உடலுட் செலுத்தினார். அம்முறை விரைவிற் பரவிப் பலரின் மார்பகங்களைக் கட்டிகளும் புண்களும் நிறைந்தனவாக்கிய பின்னரே கைவிடப்பட்டது. 1950களில் பொலிவைனைல் பஞ்சு பயன்படுத்தப்பட்டது. அதனுள் இழையம் ஊடுருவி வளர, அது சில காலத்தில் இறுகிச் சுருங்கியது.

சிலிக்கோன் வேறொரு களத்திலிருந்து வந்தது. 1943ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின் நடுவே, டவ் கெமிக்கல், கோர்னிங் கிளாஸ் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து டவ் கோர்னிங் என்ற கூட்டு நிறுவனத்தை நிறுவின. வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும் சிலிக்கோன் அக்காலப் போர் விமானங்களின் இயந்திரங்களுக்குத் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் அப்பொருளுக்குப் புதிய சந்தைகள் தேடப்பட்டன. யப்பானில் திரவ சிலிக்கோனை நேரடியாக மார்பகத்தினுட் செலுத்தும் வழக்கம் தோன்றி, அமெரிக்காவுக்கும் பரவிப் பெருந் தீங்கு விளைத்தது. ஒரு பொருள் மருத்துவத் தேவையிலிருந்து பிறவாமல், உற்பத்தி செய்யப்பட்ட பின் தேவையைத் தேடிச் சென்றமையை இங்கு காண்கின்றோம்.

திரவத்தை உறையுள் அடைக்கும் எண்ணம் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் உருவாயிற்று. இளம் வைத்தியரான பிராங்க் ஜெரோ, குருதி நிரப்பிய நெகிழிப் பையொன்றைக் கையிற் பிடித்தபோது அதன் மென்மை மார்பகத்தை ஒத்திருப்பதை உணர்ந்தார் என்பர். அவரும் தோமஸ் குறொனினும் டவ் கோர்னிங் நிறுவனத்தின் துணையுடன் அமைத்த உள்வைப்பு முதலில் ஒரு நாயிலும், 1962ஆம் ஆண்டில் ஒரு பெண்ணிலும் இடப்பட்டது. அப்பெண் மார்பகத்தை இழந்தவரல்லர். மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றும்பொருட்டு வைத்தியசாலைக்கு வந்த ஏழைத் தாய். அவர் வேண்டிவந்தது ஒன்று, பெற்றது வேறொன்று. அடுத்த ஆண்டில் வாஷிங்டனில் நடைபெற்ற சர்வதேச மாநாட்டில் இச்செய்தி பெரும் வரவேற்பைப் பெற்றது. நாயிலும் மிகச் சில பெண்களிலும் பெற்ற ஓரிரு ஆண்டு அனுபவத்தைவிட அதற்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை. அந்நாளில் அமெரிக்காவில் மருந்தொன்றைச் சந்தைக்குக் கொணர அரசின் அனுமதி வேண்டியிருந்தது. உடலினுள் வைக்கப்படும் சாதனத்துக்கு அத்தகைய அனுமதி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புற்றுநோயின் பின்னான மீளமைப்பில் உள்வைப்பு இடம்பெற்றது இதற்குச் சில ஆண்டுகளின் பின்னரேயாகும். நியூயோர்க்கின் சினைடர்மன், கத்ரி என்னும் இருவர், அகற்றற் சிகிச்சை பெற்ற பெண்களின் எஞ்சிய தோலின் கீழ் உள்வைப்பை இடலாம் என 1971ஆம் ஆண்டில் எழுதினர். அதேயாண்டில் ஹோல்ஸ்ரெட்டின் கோட்பாட்டைச் சோதிக்கும் பெரும் ஆய்வொன்றைப் பேணாட் பிஷர் அமெரிக்காவில் தொடங்கினார். இத்தாலியில் உம்பேர்த்தோ வெரோனேசி 1973ஆம் ஆண்டிற் தொடங்கி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், பிஷர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளும் ஒரு பேருண்மையை நிலைநாட்டின. தசையையும் சேர்த்து அகற்றுவதால் ஆயுள் கூடவில்லை என்பதும், சிறு கட்டியாயின் மார்பகத்தைக் காத்துக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும் உயிர்பிழைப்பு வேறுபடவில்லை என்பதுமே அவ்வுண்மையாகும். தசையும் தோலும் எஞ்சியதால் உள்வைப்புக்கு இடம் கிடைத்தது. இவ்வகையில் மீளமைப்பின் வளர்ச்சி, அகற்றலின் தளர்ச்சியை அடியொற்றியதாகும்.

எனினும் தோல் போதாமை பெரும் இடராயிருந்தது. செடொமிர் ராடொவன் இதற்கு வழிகண்டார். வெறும் பையொன்றை மார்புத் தசையின் கீழ் வைத்து, வாரந்தோறும் ஊசிமூலம் உப்புநீர் செலுத்திச் சிறிது சிறிதாக விரித்து, தோல் போதிய அளவு விரிந்ததும் அதனை அகற்றி நிலையான உள்வைப்பை இடுவதே அவர் முறையாகும். 1982ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இவ் இருகட்டச் சிகிச்சை இன்றுவரை அமெரிக்காவிற் பெருவழக்காயுள்ளது. அதேயாண்டில் கார்ல் ஹாட்ராம்ப் வயிற்றின் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே திருப்பி மார்பகம் அமைக்கும் முறையை வெளியிட்டமையால், இரு நெறிகளும் ஒரேகாலத்தில் வளரலாயின.

விரலால் அளந்த பெறுபேறு

உள்வைப்பை உடல் தன் உறுப்பாக ஏற்பதில்லை. அதனைச் சூழ நாரிழையத்தாலான ஓர் உறையைப் பின்னிக்கொள்கின்றது. பலரில் இவ்வுறை மெல்லியதாயிருக்கும்; சிலரில் அது சுருங்கி உள்வைப்பை நெரித்து, மார்பகத்தைக் கல்லெனக் கடினமாக்கி வலியைத் தரும். இதுவே உறைச்சுருக்கம் எனப்படும். 1970களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் பேக்கர் இதனை நான்கு படிகளாக வகுத்தார். தொடுதற்கு இயல்பாயிருப்பது முதற்படி; சிறிது கடினமாயினும் கண்ணுக்குத் தெரியாதது இரண்டாம் படி; கடினமும் உருமாற்றமும் தோன்றுவது மூன்றாம் படி; வலியும் சேர்ந்தது நான்காம் படி.

இப்படிமுறையின் எளிமையே அதன் சிறப்பு. அதன் குறையும் அதுவே. கருவி எதுவும் வேண்டாது வைத்தியரின் கைவிரலும் கண்ணுமே அளவுகோலாயின. ஒருவர் இரண்டாம் படி என்றதை மற்றொருவர் மூன்றாம் படி என்னலாம். மேலும், அப்படிமுறை அழகு கருதி உள்வைப்பு இட்டவர்களைக் கொண்டே முதலில் வகுக்கப்பட்டது. மார்பகத்தை முற்றாக இழந்த பெண்ணுக்கு அது பொருந்துமாறு திருத்தப்பட்டது 1995ஆம் ஆண்டிலேயே ஆகும். அதுவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேறொருவருக்குரிய அளவுகோலால் அவள் அளக்கப்பட்டாள்.

அக்காலத்து மருத்துவ ஏடுகளில் வெளிவந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. ஒரு வைத்தியர், தம்மிடம் வந்த சில பத்துப் பெண்கள், முன்னும் பின்னும் எடுத்த நிழற்படங்கள், பெறுபேறு நன்று என்ற தீர்ப்பு என்பனவே அவ்வமைப்பாகும். தீர்ப்பளிப்பவரும் சிகிச்சை அளித்தவரும் ஒருவராயிருந்தமை எவருக்கும் முரணாகத் தோன்றவில்லை. மீண்டும் வராத பெண்கள் குணமடைந்தவர்களாகவே கொள்ளப்பட்டனர்.

இதே காலப்பகுதியில் பெண்களின் குரல் வேறு வழியாக எழுந்தது. பத்திரிகையாளரான றோஸ் குஷ்னர் தம் நோயனுபவத்தை ஆராய்ச்சியாக்கி 1975ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். கட்டியைச் சோதிக்கவென மயக்கமருந்து கொடுத்து, பெண் விழிக்குமுன்பே மார்பகத்தை அகற்றிவிடும் வழக்கத்தை அவர் வன்மையாக எதிர்த்தார். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞரான ஓட்றே லோட் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் புற்றுநோய்க் குறிப்புகளில், இழப்பை மறைக்கவேண்டும் என்ற கட்டாயத்தையே கேள்விக்குட்படுத்தினார். இழப்பு மறைக்கப்பட்டால் அவ்விழப்பை அடைந்த பெண்கள் ஒருவரையொருவர் அறியவும் ஒன்றுசேரவும் இயலாது போய்விடும் என்பது அவர் வாதம். மீளமைப்பு வேண்டுவோரும் வேண்டாதோரும் ஆகிய இருசாராரும் ஒரே உரிமையையே கோரினர் என்பது கவனிக்கத்தக்கது. தமது உடலைப் பற்றிய தீர்மானத்தில் அறிந்து பங்குகொள்ளும் உரிமையே அது.

நீதிமன்றமும் ஆய்வும்

1976ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றமான கொங்கிரஸ் மருத்துவச் சாதனங்களைச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. ஆயின் ஏற்கெனவே சந்தையிலிருந்த உள்வைப்புகள் தொடர்ந்து விற்க அனுமதிக்கப்பட்டன. அவற்றின் பாதுகாப்பை உற்பத்தியாளர் சான்றுகளால் நிறுவவேண்டும் என்ற கடுமையான வகுப்பில் அவை 1988ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டன. சான்றுகளைக் கேட்டபோது, முப்பதாண்டுகாலம் விற்ற பொருளைப் பற்றி நிறுவனங்களிடம் போதிய நீண்டகாலத் தரவுகள் இல்லை என்பது வெளிப்பட்டது. 1992ஆம் ஆண்டு ஜனவரியில் உணவு, மருந்து நிருவாகத்தின் ஆணையாளர் டேவிட் கெஸ்லர், சிலிக்கோன் கூழ் உள்வைப்புகளின் விற்பனையை நிறுத்திவைக்குமாறு கோரினார். அதேயாண்டு ஏப்பிரலில், புற்றுநோயின் பின்னான மீளமைப்புக்கு மட்டும் ஆய்வு நிபந்தனைகளுடன் அவை மீள அனுமதிக்கப்பட்டன.

இத்தீர்மானத்துக்கு முன் நடைபெற்ற பகிரங்க விசாரணைகளில் இருதரப்புப் பெண்கள் சாட்சியமளித்தனர். உள்வைப்பாற் பெற்ற வலியையும் நோயையும் ஒருசாரார் விவரித்தனர். இச்சாதனம் தமக்கு வாழ்வைத் திருப்பித் தந்தது, அதனை எம்மிடமிருந்து பறிக்கவேண்டாம் என மற்றைச் சாரார் மன்றாடினர். இருவர் கூற்றும் உண்மையாயிருக்கலாம். எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீங்கு எனக் கூறவல்ல கணக்கு ஒன்று இல்லாமையே அவ்விசாரணையின் அவலமாகும். சாட்சியங்கள் பெருகியபோதும் விகிதம் தெரியவில்லை.

கணக்கு இல்லாத இடத்தை நீதிமன்றம் நிரப்பியது. 1984ஆம் ஆண்டிலும் 1991ஆம் ஆண்டிலும் கலிபோர்ணியாவின் யூரிமார் டவ் கோர்னிங் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பின்னைய தீர்ப்பின் நட்டஈடு 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. 1994ஆம் ஆண்டில் உற்பத்தியாளர்கள் 425 கோடி டொலர் பெறுமதியான பொது இணக்கத்துக்கு உடன்பட்டனர். மறு ஆண்டு மே மாதத்தில் டவ் கோர்னிங் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

ஆய்வின் முடிவுகள் அதன் பின்னரேயே வந்து சேர்ந்தன. மினசோட்டா மாநிலத்து ஒம்ஸ்ரெட் மாவட்டத்தில் உள்வைப்புப் பெற்ற 749 பெண்களை மேயோ மருத்துவ நிலையத்தினர் ஆராய்ந்தனர். உள்வைப்பு, மூட்டுவாதம் முதலிய இணைப்பிழைய நோய்களை விளைப்பதற்குச் சான்றில்லை என 1994ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். வழக்குகளின் அடிப்படையையே அசைத்த இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. அதே 749 பெண்களைப் பற்றி அவர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது கட்டுரை அத்துணை பேசப்படவில்லை. ஆயினும் எமது நோக்கிற்கு அதுவே முக்கியமானது. அப்பெண்களுள் 178 பேர், அதாவது நூற்றுக்கு 23.8 வீதத்தினர், உள்வைப்பின் காரணமாக மீண்டும் சத்திரசிகிச்சைக்குள்ளாகினர். அழகு கருதி இட்டவர்களுள் ஐந்தாண்டுக்குள் சிக்கலுற்றோர் நூற்றுக்கு 12 வீதம். புற்றுநோயின் பின் இட்டவர்களுள் அது 34 வீதம். இருவகையினரையும் ஒன்றாகக் கணக்கிடுங்கால் புற்றுநோயாளியின் உண்மை நிலை மறைந்துவிடும் என்பதை இவ்வெண்கள் தெளிவாக்கின.

1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் குழு வெளியிட்ட பேரறிக்கையும் இதனையே உறுதிப்படுத்தியது. உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களுக்கு உள்வைப்பே காரணம் என்பதற்குத் தக்க சான்றில்லை. கிழிவு, உறைச்சுருக்கம், தொற்று, வலி, மறு சத்திரசிகிச்சை ஆகிய உள்ளூர்ச் சிக்கல்களே பாதுகாப்புப் பற்றிய தலையாய பிரச்சினை என்பது அதன் முடிபு. நீதிமன்றம் ஒரு தீங்கைத் தேடிற்று. வேறொரு தீங்கு, யாவரும் அறிந்தும் எண்ணாதிருந்த தீங்கு, அதன் அருகிலேயே கிடந்தது. வழக்குகள் வீண் என இதனாற் கூறிவிடலாகாது. அவ்வழக்குகளும் பெண்களின் போராட்டமும் இல்லாதிருப்பின் இவ்வாய்வுகளுக்கு வேண்டிய பணமும் முனைப்பும் தோன்றியிரா. 2006ஆம் ஆண்டு நவம்பரில், நீண்டகாலத் தொடராய்வு நிபந்தனைகளுடன், சிலிக்கோன் கூழ் உள்வைப்புகள் அமெரிக்கச் சந்தைக்கு மீண்டன.

தீர்வே தீங்கானமை

அதன் பின்னரும் வரலாறு அமைதியுறவில்லை. பிரான்சின் பீ. ஐ. பீ. நிறுவனம் மருத்துவத் தரமற்ற, கைத்தொழிலுக்குரிய மலிவான சிலிக்கோனைத் தன் உள்வைப்புகளில் நிரப்பி வந்தமை 2010ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. பிரான்சில் மாத்திரம் ஏறத்தாழ 30,000 பெண்கள் அவற்றைத் தம் உடலிற் சுமந்திருந்தனர். நிறுவனத்தின் தலைவர் 2013ஆம் ஆண்டில் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எப்பெண்ணின் உடலில் எவ்வுள்வைப்பு உள்ளது என்பதைக் கூறவல்ல முழுமையான பதிவேடு பல நாடுகளில் அப்போது இருக்கவில்லை. பெண்கள் பலர் பழைய வைத்தியசாலைக் குறிப்புகளைத் தேடித் திரிந்தனர்.

இரண்டாவது நிகழ்வு இதனினும் சிந்தனைக்குரியது. உறைச்சுருக்கத்தைக் குறைக்கும்பொருட்டு, 1980களின் பிற்பகுதியிலிருந்து உள்வைப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறை பரவிற்று. 1997ஆம் ஆண்டில், உள்வைப்பைச் சூழ்ந்த உறையில் அரிய நிணநீர்ப் புற்றுநோயொன்று தோன்றிய முதலாவது நோயாளி பற்றிய குறிப்பு வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நிருவாகம் இத்தொடர்பு பற்றி எச்சரித்தது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தனி நோயாக ஏற்றது. 2019ஆம் ஆண்டு யூலையில், உலகெங்கும் 573 நோயாளரும் 33 மரணங்களும் அறியப்பட்ட நிலையில், இந்நோயுடன் மிகுந்த தொடர்புடைய சொரசொரப்பான உள்வைப்புகளைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு அந்நிருவாகம் கோர, அலர்கன் நிறுவனம் அவற்றை உலகெங்கும் மீளப்பெற்றது. இந்நோய் அரிதானது, உரிய காலத்திற் கண்டறியப்படின் உள்வைப்பையும் உறையையும் அகற்றுவதாற் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும் ஒரு புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணின் உடலில், அம்மீட்சியின் அடையாளமாக வைக்கப்பட்ட பொருளே பிறிதொரு புற்றுநோய்க்கு இடமாயிற்று என்பது எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று.

நோயாளியின் வாய்மொழி

இருபத்தோராம் நூற்றாண்டில் பெறுபேறு என்னும் சொல்லின் பொருளே மாறலாயிற்று. 2009ஆம் ஆண்டில் அன்றியா பூசிக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வினாக்கொத்து இம்மாற்றத்தின் எல்லைக்கல்லாகும். உடையணிந்த நிலையிலும் அணியாத நிலையிலும் தன் மார்பகம் பற்றிப் பெண் கொள்ளும் நிறைவு, உளநலம், தாம்பத்திய நலம், வலி, பெற்ற தகவல் பற்றிய நிறைவு என்பன குறித்து அது பெண்ணையே வினவுகின்றது. நோயாளிகளின் நேர்காணல்களிலிருந்தே அவ்வினாக்கள் உருவாக்கப்பட்டன. வைத்தியரின் விரலிலிருந்து பெண்ணின் வாய்மொழிக்கு அளவுகோல் கைமாறிய தருணம் இது எனலாம்.

இப்புதிய அளவுகோலையும் பழைய கணக்கையும் சேர்த்துப் பயன்படுத்திய பெரும் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள 11 நிலையங்களில், 2012ஆம் ஆண்டு முதல் 2015ஆம் ஆண்டு வரை சேர்க்கப்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மீளமைப்புப் பெற்ற 2,343 பெண்களுள் நூற்றுக்கு 32.9 வீதத்தினர் இரண்டாண்டுக்குள் ஏதேனும் சிக்கலுற்றனர், 19.3 வீதத்தினருக்குச் சிக்கலின் காரணமாக மறு சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. சொந்த இழைய முறையிற் சிக்கல்கள் உள்வைப்பு முறையைவிடக் கூடுதலாயிருந்தன. ஆயின் இரண்டாண்டின் பின் தம் மார்பகம் பற்றி அதிக நிறைவு கொண்டவர்கள் சொந்த இழைய முறையைப் பெற்றவர்களே. சிக்கலை மட்டும் எண்ணுவோருக்கு ஒருமுறை சிறந்தது. பெண்ணின் நிறைவை வினவுவோருக்கு மற்றையது சிறந்தது. எதனை அளக்கின்றோம் என்பதே விடையைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை.

கதிர்ச்சிகிச்சை பெற்ற பெண்களின் நிலை தனியே நோக்கற்பாலது. கதிர் இழையத்தை இறுகச்செய்து குருதியோட்டத்தைக் குன்றச்செய்கின்றது. உயிரற்ற உள்வைப்பைச் சூழ்ந்த தோல் இதனைத் தாங்குவது அரிது. மேற்கூறிய ஆய்வில் கதிர்ச்சிகிச்சை பெற்ற 622 பெண்களை நோக்குமிடத்து, உள்வைப்புப் பெற்றோருள் 38.9 வீதத்தினரும், சொந்த இழையம் பெற்றோருள் 25.6 வீதத்தினரும் சிக்கலுற்றனர். மீளமைப்பு முற்றாகத் தோல்வியுற்றோர் முன்னையோருள் 18.7 வீதமாகவும் பின்னையோருள் 1.0 வீதமாகவும் இருந்தனர். ஏறத்தாழ ஐவருள் ஒருத்தி எல்லா வேதனையும் அனுபவித்த பின்னும் தொடங்கிய இடத்துக்கே திரும்பினாள் என்பது இவ்வெண்ணின் பொருளாகும்.

ஐரோப்பிய ஆய்வுகளும் மிகைநம்பிக்கையைத் தணித்தன. பதப்படுத்திய தோலிழையத்தின் துணையுடன் ஒரே சிகிச்சையில் நிலையான உள்வைப்பை இடும் முறை, இருகட்ட முறையைவிட நோயாளிக்கு இலகுவானது எனக் கருதப்பட்டு விரைவிற் பரவியது. நெதர்லாந்தின் எட்டு வைத்தியசாலைகளில் அதனை இருகட்ட முறையுடன் ஒப்பிட்டு 2017ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டபோது, சத்திரசிகிச்சைச் சிக்கல்கள் ஒருகட்ட முறையில் 46 வீதமாகவும் இருகட்ட முறையில் 18 வீதமாகவும் காணப்பட்டன. பிரித்தானியாவின் 81 நிலையங்களில் உள்வைப்பு மீளமைப்புப் பெற்ற 2,108 பெண்களைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மூன்று மாதங்களுக்குள் 9 வீதத்தினர் உள்வைப்பை இழந்தனர் எனவும் 25 வீதத்தினர் தொற்றுக்குள்ளாகினர் எனவும் காட்டிற்று. அந்நாட்டின் தரவிதிகள் இழப்பு 5 வீதத்துக்கும், தொற்று 10 வீதத்துக்கும் குறைவாயிருக்கவேண்டும் என வகுத்திருந்தன. தேர்ந்த ஒரு வைத்தியர் தம் நோயாளரைப் பற்றி எழுதும் கட்டுரைக்கும், நாடளாவிய கணக்கிற்கும் இடையேயுள்ள இடைவெளியை இது காட்டுகின்றது.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் பெறுபேறு என்னும் கருத்து நான்கு நிலைகளைக் கடந்து வந்துள்ளமை புலப்படும். நோய் மீண்டதா என்ற ஹோல்ஸ்ரெட்டின் கணக்கு முதலாவது. வடிவமும் மென்மையும் வைத்தியரின் கண்ணுக்கும் கைக்கும் திருப்தியளித்தனவா என்பது இரண்டாவது. தீங்கிற்கு எவர் பொறுப்பு என்ற நீதிமன்றத்தின் வினா மூன்றாவது. பெண் தன்னைப் பற்றித் தானே கூறுவது நான்காவது. ஒரு நிலை முன்னையதை முற்றாக நீக்கிவிடவில்லை. நோய் மீள்வதை எண்ணாது நிறைவை மட்டும் வினவுவது பேதைமை. நிறைவை வினவாது சிக்கலை மட்டும் எண்ணுவதும் அத்தகையதே.

எனினும் நான்காம் நிலையை வரலாற்றின் முற்றுப்புள்ளியாகக் கொள்ளலாகாது. வினாக்கொத்தை நிரப்புபவள் சிகிச்சைக்கு வழியுள்ளவளே. 1998ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சட்டம், அகற்றற் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் காப்புறுதி மீளமைப்புக்கும் கொடுக்கவேண்டும் என விதித்தது. அதன் பின்னரும் இனம், வருமானம், வைத்தியசாலையின் தூரம் என்பன எவர் மீளமைப்புப் பெறுவார் என்பதைத் தீர்மானித்து வருகின்றன. மறுபுறத்தில், மீளமைப்பே வேண்டாம், மார்பைச் சமமாக ஒழுங்குற மூடிவிடுங்கள் எனக் கேட்கும் பெண்களின் தெரிவும் அண்மையிலேயே மதிக்கப்படலாயிற்று. அதற்குரிய கலைச்சொல்லை அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகம் தன் அகராதியிற் சேர்த்தது 2020ஆம் ஆண்டிலாகும். ஓட்றே லோட் நாற்பதாண்டுக்கு முன் எழுப்பிய வினா அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே என்பதை நாம் மறத்தலாகாது. இப்பக்கங்களைப் படிப்போருள் நாளைய வைத்தியர் சிலரும் இருப்பர். பிற நாட்டு ஆய்வுகளின் எண்களை மனனஞ்செய்வது அவர்களுக்கு எளிது. அவ்வெண்கள் ஒவ்வொன்றும் எவரை எண்ணிப் பெறப்பட்டன, எவரை விடுத்துப் பெறப்பட்டன என வினவுவதே கடினமானது. 1962ஆம் ஆண்டில் உள்வைப்பு மனித உடலுட் புகுந்தது. நாடளாவிய, நம்பத்தகுந்த கணக்குகள் ஏறத்தாழ ஐம்பதாண்டுகளின் பின்னரே கிடைத்தன. அவ் ஐம்பதாண்டுகளில் சிகிச்சை பெற்றுச் சென்ற பெண்கள் பலரின் அனுபவம் எங்கும் பதிவாகவில்லை. புதியதொரு சிகிச்சையை வரவேற்கும்போதே அதனைப் பெறுவோரின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் அவர்களைத் தேடிச்சென்று வினவும் வழக்கத்தையும் உடன் தொடங்கவேண்டும் என்பதே இவ்வரலாறு எமக்குக் கூறும் பாடமாகும்.